பாதியில் கவிழ்ந்தவை

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சா யாரு வேணாலும் பெருக்கிடலாம். பாதியில கவுந்தா யாருடி பெருக்குறது?"

வேலைக்குச் சேர்ந்த அன்று, அறையில் மூத்தவளான அக்கா கேட்டாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். என்னைத்தான் சொல்கிறாளோ என்று குனிந்துகொண்டேன்.

விடியும்போதே நாற்காலியில் இருப்போம். பன்னிரண்டு கணினிகள் இரவும் பகலும் மென்பொருளைத் தாமாகவே கட்டிக்கொண்டிருக்கும். ஒரு படி தவறினால் திரை சிவந்து வேலை நின்றுவிடும். அரைகுறைக் கோப்புகள் உள்ளேயே கிடக்கும். முன்பெல்லாம் கட்டியது தேறினாலும் தேறாவிட்டாலும், கடைசியில் துப்புரவுப் படி ஒன்று தானே ஓடும். ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடம் வீண் என்று முதலாளி அதை எடுத்துவிட்டார். அந்த நான்கு நிமிடமும் எங்கள் விரல்களில் வந்து விழுந்தது. தேடு, அழி, அடுத்த கணினிக்கு ஓடு. மதியத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும்.

முந்தாநாள் ஐந்தாம் கணினியின் எச்சத்தை அழிப்பதற்குள் அடுத்த வேலை ஓடியது. பழைய கோப்பு ஒன்று புதியதில் கலந்து ஒரு மருத்துவமனைக்குப் போனது. அங்கிருந்த திரை இரண்டு மடங்கு மருந்து காட்டியது. நர்ஸ் ஒருத்தி சந்தேகப்பட்டதால் ஓர் உயிர் தப்பியது.

இன்று காலை முதலாளி நேரே அக்காவிடம் வந்தார்.

"அஞ்சாம் மெஷின் உன் பொறுப்பு. நாளையிலேருந்து வராதே."

அக்காவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. இரண்டு பிள்ளைகள்.

"நீங்கதானே சார் அன்னைக்கு, 'அது கெடக்கட்டும், அடுத்ததை ஓட்டு'ன்னீங்க?"

"நான் சொன்னேனா? எங்க எழுதி வச்சிருக்கு?"

என் நோட்டில் எழுதியிருந்தது. யாருக்கும் காட்டாத நோட்டு. என் அழுகை, பயம், இந்த அறையில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் நினைத்தது எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

"ஸ்கூலே முடிக்காதவ கிறுக்குனது சாட்சியா?" என்றார் முதலாளி.

எங்களோடு வேலை செய்யும் நெட்டையண்ணன் எட்டிப் பார்த்தார்.

"நான் குறட்டை விடுறேன்னும் எழுதியிருக்கா சார். அது உண்மைன்னா இதுவும் உண்மைதான். நானும் என் காதால கேட்டேன்."

முதலாளி சொன்னதை எழுதியிருந்த வரியின் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரி போட்டாள். பேனா அறை முழுக்கச் சுற்றி வந்தது.

"அக்கா இருக்கணும். துப்புரவுப் படி திரும்ப வரணும். அதுவரைக்கும் கையால பெருக்க மாட்டோம்," என்றாள் கண்ணாடிக்காரி.

"எல்லாரையும் தொரத்திட்டு வேற ஆள் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

யாரும் அசையவில்லை. மூன்றாம் திரை சிவந்தது. சற்று நேரத்தில் ஒன்பதாவதும்.

முதலாளியே மூன்றாம் கணினியின் முன் உட்கார்ந்தார். கோப்புகள் வரிசை வரிசையாக விரிந்தன. எது எச்சம், எது தேவை என்று அவருக்குத் தெரியவில்லை. விரல் அழிப்பு விசையின் மேல் நின்றது. எங்களைப் பார்த்தார். மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். நாளை என்ன ஆகுமோ, எங்களுக்கும் தெரியாது. அக்கா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறாவதும் சிவந்தது.

முதலாளி எழுந்தார். எதையும் அழிக்காமல் வெளியே போனார்.