தேதி இல்லாத அஞ்சலி

யாம்போல் நகரத்தில் பொத்தான் கடை வைத்திருந்த ராட்காவுக்கு வியாபாரத்தில் ஒரு கண், கைபேசியில் ஒரு கண். காலையில் கடையைத் திறந்ததும், டப்பாக்களைத் துடைப்பதற்கு முன்னாலேயே 'வீட்டுத் தோட்டம்' என்ற இணையக் குழுவைத் திறந்துவிடுவாள். பன்னிரண்டாயிரம் பேர் தக்காளியும் மிளகாயும் பேசும் குழு. அதற்கு நெறியாளர்கள் இரண்டு பேர். ஒருத்தி ராட்கா, இன்னொருத்தி அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நெவேனா.

வேலை பாதிப் பாதி, பேர் மட்டும் முழுசும் நெவேனாவுக்கு. சண்டைக்காரர்களை அடக்குவதும் மோசடி விளம்பரங்களை நீக்குவதும் ராட்கா. அதற்குத் திட்டுதான் கிடைக்கும். நெவேனாவோ அஞ்சலி எழுதுவாள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் இறந்துபோனால் படம் போட்ட அஞ்சலித் தாளை வாசற்கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. குழுவில் வயதானவர்கள் அதிகம். "நாலு வரி எழுதிக் கொடும்மா" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போன வருஷம் மின்கோ என்பவரின் மனைவி இறந்தபோது நெவேனா எழுதிய வரிகளை ஊரே சொல்லிச் சொல்லி மாய்ந்தது. ராட்காவுக்கு வயிறு எரிந்தது. வெளியே சிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை காலை, அதே மின்கோவிடமிருந்து ஒரு பதிவு ஒப்புதலுக்கு வந்தது.

"நெவேனாம்மா, ஒரு அஞ்சலி எழுதித் தரணும். ஆம்பளை, வயசு அம்பத்தெட்டு. தனியா இருந்தவர். மிளகாய் நல்லா வளர்ப்பார். தேதிய நான் அப்புறம் போட்டுக்கறேன்."

சாவைப் பற்றி எது வந்தாலும் இருவரும் பேசிய பிறகே வெளியிட வேண்டும். யாராவது தன் சாவைப் பற்றிப் பேசினால் பதிவை மறைத்துவிட்டு உடனே அந்த ஆளோடு பேச வேண்டும். அவர்களே போட்ட விதி இது. ஆனால் ராட்காவின் கண்ணில் பட்டது 'நெவேனாம்மா' மட்டும்தான். 'ஏன், ராட்கான்னு ஒருத்தி இருக்கறது இந்த மனுஷனுக்குத் தெரியாதாக்கும்!'

நெவேனா அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தாள். நல்லதாய்ப் போயிற்று என்று ராட்கா தானே எழுதினாள். 'நீ நட்ட செடியில் மிளகாய் சிவந்து நிற்கிறது, பறிக்கத்தான் நீ இல்லை' என்று தொடங்கி நாலு வரி. பதிவோடு சேர்த்து வெளியிட்டாள். பத்து மணிக்குள் நூற்றுப் பத்து இதயங்கள். "நெவேனாவையே தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க!" என்று ஒருவர் எழுதியிருந்ததை மூன்று தரம் படித்தாள்.

பதினொரு மணிக்கு நெவேனாவின் அழைப்பு.

"ராட்கா, யாருடி செத்தது?"

"பல்லப் பிடுங்கியும் வாய் சும்மா இருக்கலையா உனக்கு? ஒரு தடவை எனக்குப் பேர் வந்தா பொறுக்காதே!"

"பேர நீயே வெச்சுக்கடி. செத்தவர் பேரச் சொல்லு. பதிவுல பேரும் இல்ல, தேதியும் இல்ல. தேதி இல்லாம எந்த வீட்டுலடி அஞ்சலி கேப்பாங்க? மின்கோவுக்கு என்ன வயசு?"

ராட்கா அவருடைய பக்கத்தைத் திறந்து பிறந்த வருஷத்தைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ நெவேனா! அந்த மனுஷனுக்கு நானே..."

"அப்புறம் அழு. பதிவ மறை. நம்ம குழுவுல விதை வாங்கறவங்க பட்டியல்ல அவர் நம்பர் இருக்கு, நீ கூப்பிட்டுப் பேச்சக் கொடு. அவசர உதவிக்கு நான் சொல்றேன். அவர் பக்கத்து வீட்டுல என் சித்தி பொண்ணு இருக்கா, அவளையும் ஓடச் சொல்றேன்."

ராட்கா பதிவை மறைத்துவிட்டு மின்கோவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"மின்கோ, நான் ராட்கா. சுத்தி வளைக்காம கேக்கறேன். அந்த அஞ்சலி உங்களுக்கா? உயிர மாய்ச்சுக்கணும்னு நினைக்கறீங்களா?"

 அவர் மெல்லச் சொன்னார்.

"ஆமாம்மா. நூத்துப் பத்து பேரு அழகா இருக்குன்னாங்க. செத்தது யாருன்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

ராட்கா மறைக்காமல் சொன்னாள். "நான்தான் முதல்ல கேட்டிருக்கணும். நெவேனாவை ஜெயிக்கணும்ங்கற பொறாமையில கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. இப்பக் கேக்கறேன், சொல்லுங்க. நான் போனை வைக்க மாட்டேன்."

அவர் சொன்னார். மனைவி போனதிலிருந்து மேஜைக்கு எதிரே ஆள் இல்லாதது, சுட்ட பெரிய மிளகாயை யாருக்கென்று தோலுரிப்பது என்றே தெரியாதது, எல்லாம். பொத்தான் வாங்க வந்த பெண்ணைக் கையசைத்து அனுப்பிவிட்டு ராட்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தமும், "மின்கோ அண்ணே, திறங்க!" என்று நெவேனாவின் சித்தி பெண் கூப்பிடும் குரலும் கேட்டன. அவர் எழுந்து போய்த் திறந்தார்.

"ராட்காம்மா, நெவேனா இருக்காங்களா? அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை பேசணும்."

காலையாக இருந்தால் இந்த ஒரு கேள்விக்கே அவள் பொசுங்கியிருப்பாள். "இருக்கா. இதோ இணைக்கறேன்" என்றாள்.

அவசர உதவிக்காரர்கள் வந்து, சித்தி பெண்ணும் கூடவே ஏற, மின்கோவை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். சாயங்காலம் ராட்கா யார் பெயரையும் சொல்லாமல் குழுவில் எழுதினாள்:

"காலையில் நான் போட்ட வரிகளை எடுத்துவிட்டேன். இனி யாராவது சாவைப் பற்றிப் பேசினால் வரிகளைப் பாராட்டாதீர்கள், ஆளைக் கேளுங்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் ஒருவருக்கு அந்த எண்ணம் வந்துவிடாது. யாரும் கேட்காததால்தான் மனுஷன் தனியாகிப் போகிறான். கேட்ட பிறகு தனியாகச் சுமக்காமல் உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். நன்றி யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவள் காவலுக்கு ஆகமாட்டாள். இன்று காலை நான் அப்படித்தான் இருந்தேன்."