வாத்துக்கொடி

ஹார்மன் பள்ளியின் விளையாட்டு அரங்குக்குள் மார்லிஸ் குபிசெக் நுழைந்தபோது கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக்குழம்பு வாசனையும் இலவங்கப்பட்டை ரொட்டி வாசனையும் சமையல்கூடத்திலிருந்து வந்தன. மடி கிரீக் என்ற பள்ளி விளையாட்டு லீக்கில் யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்று பேசும் நாளில் இந்த இரண்டும் இல்லாமல் இருந்ததில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுப்பார்கள்.

பழக்கத்தில் அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். லீக்கில் உள்ள எல்லாப் பள்ளிகளின் கொடியும் ஒவ்வொரு பள்ளியின் அரங்கிலும் தொங்கும். ஒரு பள்ளி லீக்கை விட்டுப் போனால்தான் அதன் கொடியை இறக்குவார்கள். நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் ரயில் ஓடிய காலத்தில், பாதையோரத்து ஒன்பது ஊர்கள் சேர்ந்து தொடங்கிய லீக் அது. ரயில் நின்றது, பிள்ளைகள் குறைந்தார்கள். டெல்பி பள்ளியை மூடிவிட்டார்கள். கார்ஸனும் ரூபியும் ஒன்றாகி இரட்டைப் பெயர் வைத்துக்கொண்டன. இன்னொன்று நடுவர் தீர்ப்பில் சண்டை பிடித்துக்கொண்டு போனது. மிஞ்சியது ஆறு.

சுவரில் ஐந்துதான் இருந்தன. அவள் தலைமையாசிரியையாக இருக்கும் ஆஸ்ட்ரோவாவின் கொடி இல்லை. வெறும் கொக்கிகளும், வெயில் படாத சுண்ணாம்பும்தான் தெரிந்தன.

அது அவள் அம்மா தைத்த கொடி. ஆஸ்ட்ரோவாவின் சின்னம் ஆண் வாத்து. அம்மா அவசரத்தில் கழுத்தைக் குட்டையாக வெட்டிவிட, அது சேவல் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த ஊருக்கு ஆடப் போனாலும் எதிராளிப் பிள்ளைகள் "கொக்கரக்கோ" என்று கத்தி மானத்தை வாங்குவார்கள்.

இன்றைக்கு ஆஸ்ட்ரோவாவை நீக்கிவிட்டு லிண்டன் என்ற பெரிய பள்ளியைச் சேர்ப்பதா என்று ஓட்டு. லீக் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் இருக்கும் பிள்ளைகளும் போய்விடுவார்கள். அப்படி ஆனால் பள்ளியை மூடிவிடுவதாக நிர்வாகக் குழு சொல்லியாயிற்று. இரண்டு பள்ளிகள் ஆஸ்ட்ரோவா பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம். ஹார்மன் கை தூக்குகிற பக்கம்தான் தீர்ப்பு. ஹார்மனுக்காகக் கை தூக்கப்போகிறவன் அங்கே பயிற்சியாளராக இருக்கும் டுவேன், அவள் கூடப்பிறந்த தம்பி. "என் ஓட்டு உனக்குத்தான்க்கா. வேற யாருக்குப் போடப்போறேன்?" என்று நேற்றுத் தொலைபேசியில் சிரித்திருந்தான்.

இப்போது நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"எங்கடா நம்ம வாத்து?"

"அதுவா... தொவைக்கப் போட்ருக்குக்கா. ஒரே தூசி."

அவன் கன்னம் சிவந்தது. சின்ன வயதில் ஜாம் பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் பூனையைக் காட்டும்போதும் இப்படித்தான் சிவக்கும். அந்தக் கொடியை இத்தனை வருஷத்தில் யாரும் துவைத்ததில்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஹார்மனின் தலைமையாசிரியர் ஸ்ட்ரவுட் லிண்டனுக்காகத் துடிக்கிறவர். அவர் பேச்சை மீறினால் தம்பியின் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? பாவம், பிள்ளைகுட்டிக்காரன். ஆனால் தான் படித்த பள்ளிக்கு எதிராக, அக்கா முகத்துக்கு நேரே அவன் கை தூக்கினால், அதற்குப்பின் எந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார முடியும்?

"சரிடா, நல்லாத் தொவைக்கச் சொல்லு," என்றாள்.

கூட்டத்தில் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். லீக் தலைவர் நார்பர்ட் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஆஸ்ட்ரோவா விஷயம். டுவேன், நீ ஏதோ பேசணும்னியே?"

டுவேன் எழுந்தான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். தொண்டையைக் கனைத்தான். அந்தத் தவிப்பை மார்லிஸால் பார்க்க முடியவில்லை.

"அவன் பேச வேணாம்," என்று எழுந்துவிட்டாள். "ஓட்டும் வேணாம். நாங்களே வெலகிக்கிறோம்."

"அக்கா!"

"உக்காருடா."

தானாக விலகுகிற பள்ளிக்கு ஓட்டெடுப்புக் கிடையாது, சொன்னால் சொன்னதுதான். நார்பர்ட் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்ததை எடுத்தார். லிண்டனைச் சேர்க்கக் கைகள் உயர்ந்தன. டுவேன் கை மட்டும் உயரவில்லை. மார்லிஸ் அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். பள்ளி போனாலும் தம்பியாவது மிஞ்சினான் என்றிருந்தது.

வெளியே கார்களுக்கு நடுவில் அவளும் டுவேனும் வந்தபோது, அவன் மனைவி ஜோலீன் துணிக்கூடையோடு ஓடி வந்தாள்.

"முடிஞ்சிருச்சா? இந்த டிரையர் கழுத்தறுத்துருச்சு, அண்ணி! காய்ஞ்சாத்தானே! இதை மேஜைமேல விரிச்சு வெச்சுத்தான் பேசுவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கண்ணாடி முன்னாடி எத்தனை தடவை பேசிப் பாத்தாரு தெரியுமா? ஸ்ட்ரவுட் வேலையை விட்டுத் தூக்கினாத் தூக்கட்டும், எங்க அம்மா தைச்ச வாத்து இதுன்னு... என்ன, ஜெயிச்சாச்சா?"

ஜோலீன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கொடியை மெதுவாக மார்லிஸின் கையில் வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. சோப்பு மணத்தது. இத்தனை வருஷ அழுக்குப் போய், அம்மாவின் மஞ்சள் நூல் ஒவ்வொரு தையலாகத் தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்ருக்கலாமேக்கா," என்றான் டுவேன்.

"பொய் சொன்னா உனக்குக் கன்னம் செவக்கும்டா," என்றாள் மார்லிஸ். "செவந்துச்சு."

"பயந்தாலும் செவக்கும்க்கா."

அவள் கார்மேல் சாய்ந்துகொண்டு, ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே என்றுகூட இல்லாமல், கொடியில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள்.