பார்க்கில் போட்ட கார்

என் மாமனாரின் காலை உடைத்தது நான்தான் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஊரைக் கூட்டிச் சொன்னவரே அவர்தான். நலம் விசாரிக்க யார் வந்தாலும் மாவுக்கட்டைத் தட்டிக் காட்டுவார். "மருமக வண்டிய பார்க்குல போடாம எறங்கிட்டா. நான் கேட்டை சாத்திட்டு நிக்கறேன், உருண்டு வந்து கேட்டோட சேத்து என்னையும் நசுக்கிடுச்சு" என்பார். வந்தவர் என்னைப் பார்ப்பார். நான் காபி கொடுக்க வேண்டும்.

நான் பார்க்கில் போட்டேன். ஆட்டோமேட்டிக் கார் அது, கியரை 'பார்க்'குக்குத் தள்ளினால் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். கியரைத் தள்ளினேன், திரையில் பி எழுத்து வந்தது, அதற்கப்புறம்தான் இறங்கினேன். என் பிழைப்பே கவனத்தில்தான் ஓடுகிறது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பவள் நான். ஒரு குப்பியில் பெயர் மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் தலையில் ஏறிவிடும். இன்றுவரை மாறியதில்லை. ஆனால் வீட்டில் யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? என் கணவர்கூட, "பரவால்ல விடு, யாருக்கும் நடக்கறதுதான்" என்று பெருந்தன்மையாக மன்னித்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கிடைப்பதைப் போல எரிச்சல் மூட்டுவது வேறொன்றும் இல்லை. கார் சாவி அவர் சட்டைப் பைக்குப் போனது. நான் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கினேன்.

அப்போதுதான் கார் கம்பெனிக்காரன் வாயைத் திறந்தான். இந்த மாடல் கார்களின் கியர் பாக்ஸில் கோளாறு இருக்கலாம், பார்க்கில் போட்டாலும் வண்டி நகரக்கூடும், எல்லோரும் சோதனைக்குக் கொண்டு வாருங்கள் என்று அறிவிப்பு வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாரோ அசையவே இல்லை.

"இருக்கலாம்னுதான் சொல்றான், இருக்குன்னு சொல்லல. நானும் வரேன், என் கண்ணால பாத்துடறேன்" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

என் கணவர் ஓட்ட, மூவரும் போனோம். சர்வீஸ் சென்டரில் காத்திருக்கும் கூடம் நிரம்பி வழிந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. ஒவ்வொரு காராக உள்ளே போனது. ஒவ்வொன்றும் ஒரே பதிலோடு வெளியே வந்தது. கோளாறு இல்லை. கோளாறு இருந்தால்தான் புதுப் பாகம் போடுவார்களாம். இல்லாத வண்டிக்கு 'இறங்குமுன் ஹேண்ட் பிரேக் போடவும்' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும்.

என் பக்கத்தில் ஒரு ஆசிரியை உட்கார்ந்திருந்தார். அவருடைய கார் பள்ளிக்கூடச் சுவரில் போய் மோதியதாம். பிள்ளைகள் அப்போதுதான் அந்த இடத்தை விட்டு உள்ளே போயிருந்தார்களாம். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்றார்.

"நான்தாங்க மறந்திருப்பேன். இங்கயும் அதத்தானே சொல்றாங்க" என்று ஸ்டிக்கரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். மெக்கானிக் ஒரு காரை உள்ளே கொண்டு வந்தார். நிறுத்தினார். நிறுத்திய கையோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கி, டயருக்கு அடியில் ஒரு கட்டையை உதைத்துத் தள்ளினார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரை மாட்டி, கியரைப் பார்க்கில் போட்டு, பின்னால் போய் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த காருக்கும் இதே கதை. பட்டறையில் எந்த வண்டி நின்றாலும் பிரேக்கும் கட்டையும் போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கை பழகிவிட்டது, மூளையைக் கேட்பதே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"மேடம், கஸ்டமர் உள்ள வரக்கூடாது" என்று மேலாளர் ஓடி வந்தார்.

"கட்டையும் வச்சு, பிரேக்கும் போட்டு தள்ளினா எப்படிங்க நகரும்? யானை வந்து தள்ளினாலும் நகராதே!"

மெக்கானிக் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அந்த மனிதருக்கு உடனே புரிந்துவிட்டது. மேலாளருக்குத்தான் புரிய மனசில்லை.

"அது பாதுகாப்பு விதி மேடம்."

"எங்க பாதுகாப்புக்கு என்ன விதி? பிரேக்கும் கட்டையும் இல்லாம, வெளிய வண்டி கழுவற மேட்டுல நிறுத்திப் பாருங்க. கீழதான் பழைய டயரெல்லாம் அடுக்கியிருக்கே, யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

கூடமே எனக்குப் பின்னால் வந்துவிட்டது. அதில் மாமனாரும் இருந்தார். "இவ ஓட்டக் கூடாது. மெக்கானிக்கே ஓட்டட்டும். அப்பதான் தெரியும்" என்றார். "ரொம்ப நல்லது மாமா" என்றேன்.

மெக்கானிக் என் காரைப் பின்னோக்கி மேட்டில் ஏற்றினார். பார்க்கில் போட்டார். பி எழுத்தை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இறங்கிக் கதவைச் சாத்தி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டியபடி விலகி நின்றார்.

கார் நின்றது. சமர்த்தாக நின்றது. மேலாளர் பல்லைக் காட்டினார். என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "போலாம் வா" என்றார். இன்று இது நகராவிட்டால் ஆயுசுக்கும் நான் கவனமில்லாதவள்தான்.

அப்போது அதன் வயிற்றுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஆளில்லாத கார் மெல்ல இறங்கி, வேகம் பிடித்து, நேராகப் போய் டயர் குவியலில் முட்டி நின்றது. திரையில் பி எழுத்து அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப... நான் இல்லையா?" என்றார் ஆசிரியை. சத்தமாகக்கூட இல்லை. பிறகு உள்ளே போய், மடித்து வைத்திருந்த ஸ்டிக்கரைப் பிரித்து, மேலாளர் மேசையில், அவர் கண்ணுக்கு நேராக ஒட்டினார். அவ்வளவுதான், எல்லோரும் தங்கள் ஸ்டிக்கரையும் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். மேசை இருந்த இடம் தெரியவில்லை. மேலாளர் வியர்க்க விறுவிறுக்கத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். போனை வைத்ததும் சொன்னார்: எல்லாக் கார்களுக்கும் பாகம் மாற்றித் தருவார்களாம், ஏற்கெனவே திருப்பி அனுப்பியவையும் சேர்த்து. வேலை முடியும்வரை ஓட்டிக்கொள்ள வேறு மாடல் கார் தருவார்களாம்.

எங்களுக்கான காரின் சாவியை அவர் என் கணவரிடம் நீட்டினார். கணவர் தலையைக் குனிந்தபடி அதை என் கையில் வைத்தார். "மன்னிச்சேன்னு சொன்னேன் பாரு, எனக்கு அறிவே இல்ல" என்றார். மாமனார் ஊன்றுகோலோடு போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வண்டியை வெளியே எடுத்தேன். வாசலில் சோதனைக்கு வந்த கார்கள் தெரு முனைவரை நின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் வாடிய முகத்தோடு இருந்தார்.

"நிறுத்தும்மா" என்றார் மாமனார்.

நிறுத்தினேன். கட்டுப் போட்ட காலை வெளியே இழுத்துப் போட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"யாரும் பயப்படாதீங்க! தப்பு உங்க மேல இல்ல, வண்டி மேலதான்! ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு சோதிக்கச் சொல்லுங்க! என் மருமக கண்டுபிடிச்சது! இதோ, ஓட்டறாளே, இவதான்!"

வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பிறகு எல்லோரும் அடித்தார்கள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே நானும் அடித்தேன்.