சட்டைப் பையில் ஓர் எழுத்து

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் பாதி போர்டுகள் சிரில் கையால் எழுதியவை. நகைக்கடைக்கு இலையும் கொடியும் சுற்றிய எழுத்து, சோப்புக்கடைக்கு நிழல் விழுந்த எழுத்து, சாப்பாட்டுக்கடைக்கு வால் நீண்ட எழுத்து என்று ஆளுக்குத் தக்கபடி எழுதிக் கொடுப்பான். தனக்கு எது தகும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அது பிடிபட்டே ஆக வேண்டிய நேரம் வந்தது. கிள்ளானில் பஸ் விடும் ரெங்கசாமி தம் ஆறு பஸ்களுக்கும் பெயர் எழுத ஆள் தேடினார். வருகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு சின்னத்தைக் கையாலேயே எழுதி, சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். தன் பெயருக்கே வழி தெரியாதவனிடம் பஸ்ஸைக் கொடுப்பேனா என்பது அவர் கட்சி.

அந்த வேலை கிடைத்தால்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று ரயில்வே குமாஸ்தா கொர்னேலியஸ் சொல்லியிருந்தார். அவருடைய மகள் பிலோமினாதான் சிரிலுக்குப் பேசியிருந்த பெண். கல்யாணத்துக்கு முன் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். சனிக்கிழமைக்கு மறுநாளே முதல் ஓலை வாசித்தால், மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திங்களன்று கல்யாணத்தை முடித்துவிடலாம். அதைவிட்டால் அந்த வாரமே விபூதிப் புதன், கல்யாணம் கூடாத தபசுக் காலத்தின் தொடக்கம். அது முழுக்கக் காத்திருந்து, ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்குப் பிறகுதான் மாலை மாற்ற முடியும்.

ஒரு வாரமாகச் 'சி' என்ற ஓர் எழுத்தையே சிரில் எழுதினான். இலை சேர்த்தான், நிழல் போட்டான், வாலைச் சுருட்டினான். தாள் நிறைந்ததே தவிர மனம் நிறையவில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, அதைத்தான் பிலோமினாவிடம் கொடுத்தான். வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் தலையணை உறையில் எழுத்துத் தைத்துக் கொடுப்பவள் அவள். தன் வெள்ளைச் சட்டையின் பையிலும் சின்னத்தைத் தைத்துத் தரச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மாலை சட்டை அவள் வீட்டு வேலிக்கு மேலாக வந்தது. பை நிறைய ஒரே சிவப்பு நூலில் ஒரு 'சி'. தொடங்கிய இடத்திலிருந்து நிற்காமல் ஓடி, மேலே வளைந்து முடிந்தது. வேறொன்றும் இல்லை.

"இலை எங்க?" என்றான் சிரில்.

"அது நகைக்கடையோடது. நிழல் சோப்புக்கடையோடது. வாலு சாப்பாட்டுக்கடை அண்ணனோடது. எல்லாத்தையும் தைச்சுப் பார்த்துட்டுப் பிரிச்சிட்டேன்லா. மிச்சம் இருக்கறதுதான் உங்களுது."

ஒரு வாரப் பாட்டைப் பிரித்துப் போட்டுவிட்டாளே என்று அவனுக்கு எரிச்சல். சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். வேறு வெள்ளைச் சட்டை இல்லாததால்தான் மறுநாள் அதையே போட்டுக்கொண்டு, சுருட்டிய தாளோடு கிள்ளான் ரயிலில் ஏறினான்.

அங்கே அவனோடு சேர்த்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ரெங்கசாமி அவர்களைச் சாலையோரம் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு தாளைத் தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னார். பிறகு பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் செம்மண் சாலையில் அவர்களைக் கடந்து போனார். பஸ் திரும்பி வந்து நின்றபோது நால்வரும் புழுதியில் குளித்திருந்தார்கள்.

சிரிலின் தாளைப் பார்த்து அவர் கேட்டார்: "இது என்னப்பா, கொடியா, பூரானா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். பாஸ்குவுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று சிரில் விரல் விட்டு எண்ணினான்.

"ஆனா சட்டையில இருக்கற 'சி' ஓடற பஸ்லேர்ந்தே தெரிஞ்சுது. அது யாரு எழுதுனது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வேலையும் கிடைத்திருக்கும். நாக்கு வரைக்கும் வந்தது.

"எழுத்து என்னுது, முதலாளி. அதுல வேண்டாததை எல்லாம் எடுத்தது நான் கட்டிக்கப்போற பொண்ணு."

ரெங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப சீக்கிரம் கட்டிக்க. ஆறு பஸ்ஸுக்கும் எழுதறதுக்கு முன்னால அந்தப் பொண்ணுகிட்டக் காட்டிட்டு எழுது."

மறுநாள் கோயிலில் சாமியார் முதல் ஓலையை வாசித்தார். சிரில் அதே சட்டையில் நின்றிருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினா தன் மார்பைத் தொட்டுத் தொட்டுச் சாடை காட்டினாள். பையில் அப்பியிருக்கும் கிள்ளான் புழுதியைத் தட்டச் சொன்னாள். அவனோ உருகிப்போய், தன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். அந்த வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.