செண்பகவல்லி ஒரு முழு எண்

அந்த ஊரில் துக்கம் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனால் மெதுவாகத்தான் ஓடும். ஒவ்வொரு நினைவிலும் நின்று, இது என்ன வகை என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

மனைவி செண்பகவல்லி தவறிப்போன பிறகு, குணசீலனின் துக்கம் தினமும் காலையில் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. குடிநீர் அலுவலகத்துக்குத் தாமதமாகவே போனார். மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டார்.

"எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா, அதை கம்பைல் பண்ணி சி மொழிக்கு மாத்திடுங்க, சட்டுனு ஓடி முடிஞ்சிரும். ஊரே மாத்திடுச்சு."

கம்பைல் நிலையத்தில் ஆரோக்கியமேரி என்ற எழுத்தர் படிவத்தை எடுத்தாள்.

"வகையை முன்னாடியே சொல்லிட்டா, ஓடுறப்ப விசாரணை கிடையாது. உங்க சம்சாரம் முழு எண்ணா, தசமமா சார்?"

குணசீலனுக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் எதிலும் குறை வைக்காதவளைப் புள்ளி வைத்துச் சொல்வதா? "முழுசுதாம்மா. முழுசுன்னே போடுங்க" என்றார். அதில் பெருமை வேறு. தன் வாயாலேயே கெடுவதற்குத் தவளை மட்டும்தானா இருக்கிறது?

மறுநாள் துக்கம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது மணிக்கே அலுவலகத்தில் இருந்தார்.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார். நினைவில் அவள் குடிக்கும் அரை டம்ளர் காபியைக் காணோம். பாதியில் விட்டுவிடும் பாட்டைக் காணோம். கோபம் வந்தால் "குணா" என்று அரைப் பெயரில் கூப்பிடுவாள், அதுவும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. அவள் பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால்தான் வாழ்ந்திருக்கிறாள். அழலாம் என்று உட்கார்ந்தார். ஆனால் அன்றைய அழுகை ஏற்கெனவே முடிந்திருந்தது.

நிலையத்துக்கு ஓடினார். "பழசையே திருப்பிக் குடுத்துடும்மா. மெதுவா ஓடினா ஓடட்டும்."

"வேண்டாம்னு கையெழுத்துப் போட்டீங்களே சார். வாட்ச்மேன் தங்கப்பழம் அண்ணனுக்குக் குடுத்தாச்சு. அவருக்குன்னு துக்கப்பட யாரும் இல்ல."

வாசலில் தங்கப்பழம் பெஞ்சில் உட்கார்ந்து, செண்பகவல்லிக்காக நிதானமாக அழுதுகொண்டிருந்தார்.

"வாங்க சார். இப்பதான் அவங்க காபிக்கு வந்திருக்கேன். பாட்டு இனிமேதான்" என்று நகர்ந்து, பாதி பெஞ்சை அவருக்கு விட்டார்.

குணசீலன் பார்த்தார். பாதி என்பதால் அதுவும் வெட்டுப்பட்டு, அவருக்கு அங்கே பெஞ்சு எதுவும் இல்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டார்.