கந்தகக் களிம்பு

கையுறை மாட்டிய கையை முதுகில் வைத்ததும் அத்தையின் உடம்பு சுருங்கியது.

"உனக்கும் அருவருப்பா?" என்றார், திரும்பாமல்.

அத்தை என் கணவரின் அம்மா. அவருக்கு முதுகு முழுக்கச் செதில் செதிலாகத் தோல் உரியும் வியாதி. ஒட்டாது என்று மருத்துவர் சொல்லியும், பெற்ற மகளே விரல் நுனியால்தான் தொட்டாள். அதன் பிறகு யாருக்கும் முதுகைக் காட்டாதவர், என்னிடம் மட்டும் காட்டினார். காலையில் குளித்ததும் அரிப்பு தாங்காது. களிம்பு தடவிவிட்டுத்தான் நான் ஆய்வகத்துக்குக் கிளம்புவேன். எனக்கு வாய் நீளம், அவரும் சளைத்தவரில்லை. தடவுகிற நேரம் மட்டும் நாங்கள் சண்டை போடுவதில்லை.

ஹைட்ரஜனை ஓர் எண்ணெய்க்குள் பூட்டி வைத்து, வேண்டும்போது வெளியே எடுப்பது என் வேலை. சூடான எண்ணெய் பிளாட்டினம் பூசிய பொடியில் பட்டால் வாயு பிரிந்து, கண்ணாடிக் குழாயில் குமிழ் குமிழாக ஏறும். அந்தப் பொடியில் இன்னொருவர் கைபட விடமாட்டேன். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் அது தினமும் மதியத்துக்குள் குமிழ் நின்று செத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் விற்றவரைத் திட்டினேன், ரப்பர் மூடிகளை மாற்றினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நேற்று, நாங்கள் 'மூக்கு' என்று கூப்பிடும் சக ஆய்வாளர், செத்த பொடியின் மேற்பரப்பைக் கருவியில் பார்த்துவிட்டு வந்தார்.

"பூரா கந்தகம்ங்க. பிளாட்டினம் அதைப் புடிச்சா விடாது. எண்ணெய்க்கு நிக்க எடமே இல்ல." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உங்க கையில என்ன வாசம்?"

களிம்பில் கந்தகம். சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாத அந்தக் கையால்தான் ஆய்வகக் கையுறையை எடுத்து மாட்டியிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள். நான் விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். மிச்சம் இருப்பது ஒரு குப்பிப் பொடி. இன்று மாலைவரை அது தாங்காவிட்டால் எங்கள் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

அதனால்தான் இந்தக் கையுறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே சட்டையை இழுத்து முதுகை மூடிக்கொண்டார்.

"புரியுதும்மா. ஆனா உறையோட வேண்டாம். இன்னைக்குத் தடவாமயே இருந்துக்கறேன்."

"அரிக்குமே அத்தை."

"அரிச்சா செத்தா போயிடுவேன்? உன் பொடி பொழைக்கட்டும். கெளம்பு."

மதியம் தாண்டியும் குமிழ்கள் நிற்கவில்லை. மூக்கு, மூச்சுவிடவும் பயந்தவராகத் தள்ளி நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, இந்நேரம் அந்த முதுகு என்ன பாடு படுகிறதோ என்றும் இருந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் எண்ணெயின் சூட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வீடு திரும்பியபோது அத்தை சாயாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மரச்சீப்பு. சட்டையின் முதுகில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள்.

"பொழச்சுதா?"

"பொழச்சிடுச்சு அத்தை. திரும்புங்க."

"நாளைக்கும் அதைத் தொடணுமே நீ."

"மூக்கு தொடட்டும். நான் தள்ளி நின்னு அதிகாரம் பண்றேன்."

"அது உனக்கு நல்லா வரும்" என்றார்.

வெறும் விரல்களில் களிம்பைப் பிதுக்கி முதுகில் வைத்தேன். அத்தை கொஞ்ச நேரம் விறைப்பாகவே இருந்தார். பிறகு மெல்ல, காலையிலிருந்து எங்கும் சாயாத முதுகை, முழுப் பாரத்தோடு என் உள்ளங்கையில் சாய்த்தார்.