படி வளைவில் சிக்கிய சோஃபா

வெள்ளம் வடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்ல அவள் கணவன் எழுந்தான். எத்தனை தேய்த்துக் கழுவியும் போகாத சேற்று நாற்றம் ஆலயத்துக்குள் நின்றது. அதற்கு மேல் அவன் அள்ளிப் பூசி வந்திருந்த சென்ட்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை யார் சாட்சியாகச் சொன்னாலும், முடிந்ததும் அதே வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து "இது மெய்" என்று சொல்ல வேண்டும். அளந்துவிடுகிறவர்களுக்குக் கடிவாளம் போட யாரோ ஒரு புண்ணியவான் ஏற்படுத்தியது. நாளடைவில் அது தும்மினால் மூக்கைத் துடைப்பதுபோல் ஆகிவிட்டது. எழுவார்கள், சொல்வார்கள், புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இன்றைக்கு எழ வேண்டியவள் அவள்.

"அன்பானவங்களே, தண்ணி உள்ள வந்தப்ப நான் ஒரு பொருளையும் திரும்பிப் பார்க்கலை," என்றான் கணவன். குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டான். "என் கண்ணுக்கு எங்க அம்மா மட்டும்தான் தெரிஞ்சாங்க. படியில சோஃபா கிடந்துச்சு. தூக்கி எறிஞ்சேன்! சோஃபா என்னங்க சோஃபா? போனா போகுது!"

பக்கத்தில் இருந்த தையல்காரி அவள் காதருகே குனிந்தாள். "என்னக்கா, உங்க வீட்டுக்காரர் சோஃபாவுக்கு அடக்க ஆராதனையா நடத்துறாரு?"

"அது இன்னும் உயிரோடதான் இருக்கு," என்றாள் அவள்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. கணவன் பேசப் பேச விரல்கள் சிவப்புப் பேனாவைத் தேடின.

வாங்கி வந்த நாளிலிருந்து அந்த சோஃபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததில்லை. போதகர் வந்தால் உட்காருவதற்காம். போதகர் ஒருமுறை வந்தார். பிளாஸ்டிக் சுடுகிறது என்று எழுந்து மர நாற்காலிக்குப் போய்விட்டார். கால்கள் விளங்காமல் கட்டிலோடு கிடந்த அத்தை, அதில் கொஞ்ச நேரம் சாய்த்து உட்கார வையேன் என்று மகனிடம் கேட்டதுண்டு. "உங்களுக்கு அது சரிப்படாதும்மா, முதுகு பிடிச்சுக்கும்," என்று பெரிய மருத்துவர்போல் சொல்லிவிட்டான்.

வெள்ளம் வந்த அன்று காலையில், சமையலறைச் சாக்கடை வழியாகத்தான் தண்ணீர் ஏறியது. அவள் அச்சகத்திலிருந்து அரக்கப்பரக்க ஓடி வந்தபோது டிவி மாடிக்குப் போயிருந்தது. வாஷிங் மெஷின், மிக்ஸி, விருந்தினருக்கென்று வைத்திருந்த பீங்கான் தட்டுகள் எல்லாம் போயிருந்தன. அத்தை மட்டும் கீழே இருந்தாள். "கட்டில் உயரம்தானே, அவசரமில்ல," என்றிருந்தான் பெற்ற பிள்ளை. சோஃபாவை மேலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். அது படி வளைவில் போய் வசமாகச் சிக்கிக்கொண்டது.

அத்தையை முதுகில் சுமந்து, முழங்கால் தண்ணீரில் படியடியில் நின்றாள் அவள். "ஏங்க, வழிய விடுங்க."

"இரு இரு. கொஞ்சம் சாய்ச்சா வந்துடும்."

"தண்ணி கட்டிலுக்கு வந்தாச்சு!"

"பார்த்து, பார்த்து! பிளாஸ்டிக் கிழிஞ்சிடப் போகுது!"

அத்தையை ஒரு படியில் உட்கார வைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த ரம்பத்தை எடுத்து வந்தாள். சோஃபாவின் காலை அறுத்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் மேலிருந்து "ஐயோ, ஐயோ" என்று முனகல் வந்தது. இடுப்பளவு ஈரத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "பாவம், அவனுக்கு வலிக்குது போல," என்றாள்.

அதெல்லாம் போகட்டும். இப்போதைய சங்கதிதான் அவளை அரித்தது. தண்ணீர் வடிந்ததும் அத்தை கீழே அதே அறைக்கு இறக்கப்பட்டாள். மாடி அறை சாமான்களுக்கு. அறுபட்ட காலுக்குப் பதில் செங்கல் முட்டுக்கொடுத்த சோஃபாவும் அங்கேதான். கீழ்ச்சுவர் தொட்டால் கை நனைந்தது. அத்தை இருமத் தொடங்கியிருந்தாள். பார்க்க வந்த நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்: "சுவர் காயற வரைக்கும் இவங்களை இங்க வைக்காதீங்க. நெஞ்சுல சளி கட்டினா இந்த உடம்பு தாங்காது."

"சாமானைக் கீழ இறக்குனா ஈரம் இழுத்துடுமே," என்றான் கணவன். அவள் எத்தனை தரம் கேட்டும் அதே பதில். சாமானுக்கு ஆகாத ஈரம் அம்மாவுக்கு ஆகுமாம்.

"பொருள் ஒண்ணும் பெரிசில்ல, பெத்தவங்கதான் பெரிசுன்னு கர்த்தர் எனக்குக் காட்டிட்டாரு!" என்று முடித்தான் கணவன். சபை "ஸ்தோத்திரம்" என்றது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

அவள் எழவில்லை.

எழக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்து வந்திருந்தாள். ஒரு சொல்கூட வேண்டாம். உட்கார்ந்தபடி இருந்தாலே போதும், அவன் சாயம் வெளுத்துவிடும். அந்த முகம் சுண்டுவதைப் பார்க்க ஆசையாகவே இருந்தது. யாரோ செருமினார்கள். முகம் சுண்டத்தான் செய்தது. பார்த்தாள். பார்த்து என்ன? அவன்மேல் இருந்த இளக்காரம் மட்டும்தான் அந்த வெள்ளத்தில் நனையாமல் அவள் கரையேற்றிய பொருள். அவளும் அதை உறை பிரிக்காமல் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் அத்தையின் மெத்தை காயப்போவதில்லை.

எழுந்தாள்.

"அவர் முதல்ல சொன்னதுக்கு நான் சாட்சி இல்ல. அதுக்கு அத்தை இருக்காங்க, பக்கத்துலயே உக்காந்து பார்த்தவங்க. கடைசியா சொன்னாரே, பெத்தவங்கதான் பெரிசுன்னு, அதைப் பிடிச்சுக்கறேன். மாடி ரூம்ல இருக்கற சாமானையெல்லாம் இன்னைக்கே இறக்கிட்டு அத்தையை அங்க குடிவைக்கப் போறோம். ஆராதனை முடிஞ்சதும் நாலு பேர் வந்து கை கொடுத்தா, அவர் சொன்னது மெய்யாயிடும்."

உட்கார்ந்தாள். "அல்லேலூயா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தச்சர் உரக்கச் சொன்னார். போதகர் தன் கைக்குட்டையில் எதையோ தேடினார். கணவன் சிரித்தான், பல் பிடுங்கிய பிறகு மருத்துவரைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி.

நாலு பேர் கேட்டதற்கு ஒரு கூட்டமே வந்துவிட்டது. டிவி இறங்கியது, மெஷின் இறங்கியது. "கோணாம பிடிங்க! பிளாஸ்டிக்! பிளாஸ்டிக்!" என்று கணவன் படிக்குப் படி அலறினான். வளைவில் சோஃபாவை நிமிர்த்திய தச்சர், அறுபட்ட காலைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க தூக்கி எறிஞ்ச சோஃபா இதுதானா? ரொம்ப தூரம் எறியலை போலிருக்கே."

கீழறைக் கட்டிலில் இருந்து சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. "எறிஞ்சானா? இவனா?" என்றாள் அத்தை. அதற்கு மேல் யாரும் சாட்சி சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மாடி அறையில் ஜன்னலைத் திறந்து, காய்ந்த மெத்தையில் அத்தையைப் படுக்க வைத்தார்கள். வந்தவர்கள் போன பிறகு அவள் தலையணையைச் சரிசெய்தாள். வெயில் அத்தையின் பாதம் வரை வந்திருந்தது.

"அவன் எங்க?" என்றாள் அத்தை.

"கீழ. சோஃபா பக்கத்துல."

"உக்காந்திருக்கானா?"

அவள் படி வளைவு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இல்ல அத்தை. நின்னுக்கிட்டுதான் இருக்காரு."